மானுக்கு எதுக்குய்யா பீரங்கி?

அக்டோபர் பொறந்தாப் போதும், எங்க ஆபீஸ் கேன்டீன்ல பேச்சு மாறிடும். ஜூலை மாசம் வரைக்கும் ராம் எவ்ளோ, பிராசஸர்ல எத்தனை கோர்னு அடிச்சிக்கிட்ட அதே ஆளுங்க, இப்ப எந்தத் தோட்டாவுக்கு எத்தனை ஃபுட்-பவுண்ட் சக்தின்னு அடிச்சிக்குவாங்க. நான் பொட்டி தட்டறது ஒஹாயோ மாநிலத்துல, கொலம்பஸ் பக்கம். இங்க தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச திங்கக்கிழமை துப்பாக்கி மான் சீசன் ஆரம்பிக்கும். ஒரு வாரம், அப்புறம் டிசம்பர்ல ஒரு சனி ஞாயிறு. அவ்ளோதான் சீசன். அதுக்கு ரெண்டு மாசம் வாய்ச்சண்டை.

இந்தத் தடவை நம்மூர்ப் பையன் ஒருத்தன், கோயமுத்தூர்க்காரன், என் டீம்தான், ஸ்கோப் மாட்டின கைத்துப்பாக்கில மான் அடிக்கணும்னு கெளம்பியிருக்கான். ஆசை தப்பில்ல. ஆனா பய மனசுல முடிவு பண்ணி வெச்சிருக்கறது .460 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மேக்னம். ஏண்டான்னு கேட்டா, "200 கஜம் வரைக்கும் அடிக்கலாம்னு போட்டிருக்காங்கண்ணா" ங்கறான். துப்பாக்கி அடிக்கும் ராசா, நீ அடிப்பியா? இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு கேள்விதான். அவன்கிட்ட சொன்னதையும், அவன் காதுல வாங்காததையும் சேர்த்து எழுதறேன்.

டிஸ்கி: "மானைப் போய் சுடறீங்களே, பாவிகளா"ன்னு வரப்போற அன்பர்களுக்கு. நம்மூர்ல மான் வேட்டை குற்றம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதுக்குத்தான் இருக்கு, அது சரியும்கூட. இங்க கதை வேற. 1900-கள் ஆரம்பத்துல ஒஹாயோவுல வெள்ளைவால் மானே இல்லாமப் போச்சு. மறுபடி கொண்டுவந்து, பாதுகாத்து, பெருக விட்டாங்க. இப்ப வருஷத்துக்கு சுமார் 2 லட்சம் மான் வேட்டையில போகுது, அப்பவும் ராத்திரி கார் ஓட்டினா ரோட்டோரம் பச்சைக் கண்ணு மின்னுது. அதை அடிச்சித் தின்ன ஓநாய் இங்க இல்ல. வேட்டையாடி சாப்பிடறதே தப்புன்னு நினைக்கறவங்களோட நான் மல்லுக்கட்ட வரலை. சாப்பிடறதுன்னு முடிவு பண்ணிட்டா அந்த ஜீவன் அரை நிமிஷத்துல சாகணுமா, ராத்திரி பூரா இழுத்துக்கிட்டுக் கெடக்கணுமாங்கறது நம்ம கையில இருக்கு. நான் பேசறது அதைப்பத்தி மட்டும்தான்.

இன்னொரு விஷயம், நம்மாளுங்களுக்காக. ஹெச்1பி மாதிரி குடியேற்றமில்லாத விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்கறதை அமெரிக்க கூட்டாட்சிச் சட்டம் தடை பண்ணுது. மாநில அரசு குடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. அதனால மொதல்ல வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, அப்புறம் லைசென்ஸ், அதுக்கப்புறம்தான் கடைவாசல். நண்பனோட துப்பாக்கிதானேன்னு லைசென்ஸ் இல்லாம ரேஞ்சுல போய் கையில வாங்கிப் பார்க்காதீங்க. விளையாட்டுக்குச் சொல்லலை.

சரி, மேட்டருக்கு வரேன்.

மானோட இதயமும் நுரையீரலும் இருக்கற இடம் கிட்டத்தட்ட 8 அங்குல வட்டம். நம்ம வீட்டு ஃபங்ஷனுக்கு வாங்கற சின்ன காகிதத் தட்டு அளவு. எங்க டீம்ல முப்பது வருஷமா வேட்டையாடற பெரியவர் ஒருத்தர் இருக்கார். புதுசா யார் வந்து எந்தத் துப்பாக்கி வாங்கலாம்னு கேட்டாலும் அவர் பதில் சொல்ல மாட்டார், ஒரு கட்டு காகிதத் தட்டைக் கையில குடுப்பார். 25 கஜத்துல ஒரு தட்டை மாட்டு. பெஞ்சுல சாய்ஞ்சு இல்ல, காட்டுல எப்படி உக்காருவியோ அப்படி உக்காந்து அஞ்சு தோட்டா. அஞ்சும் தட்டுல விழுந்தா 50-க்குப் போ. அங்கயும் அஞ்சும் விழுந்தா 75. எந்த தூரத்துல ஒண்ணு வெளிய போகுதோ, அதுக்கு முந்தின தூரம்தான் உன் எல்லை. பெட்டில என்ன போட்டிருந்தாலும் சரி.

இந்தத் தட்டு சோதனையில .44 மேக்னத்தை வெச்சு 75 கஜம் தாண்டறவங்களே கம்மி. ரைஃபிள்ல 200 கஜம் அசால்ட்டா அடிக்கறவன்கூட ரிவால்வரைக் கையில குடுத்தா 50-ல தடுமாறுவான். காரணம் ரொம்ப சிம்பிள். ரைஃபிளுக்குத் தோள், கன்னம், ரெண்டு கைன்னு நாலு இடத்துல பிடிமானம். ரிவால்வர் நீட்டின கை நுனியில தொங்குது. குழல் குட்டைங்கறதால கொஞ்சம் கோணினாலும் தூரத்துல பெருசா விலகும்.

இப்ப அந்த ஃபுட்-பவுண்ட் பஞ்சாயத்து. நாமெல்லாம் இன்ஜினியரிங் முடிச்சவங்க, இயக்க ஆற்றல்ல வேகம் வர்க்கமாகும்னு தெரியும். அதனால எடை கம்மியான குண்டை வேகமா விட்டாப் போதும், பெட்டில பெரிய எண் போட்டுடலாம். .44 மேக்னத்துல 240 கிரெயின் குண்டுக்கு கம்பெனிக்காரங்க போடற எண் 740 ஃபுட்-பவுண்ட் பக்கம். .30-06 ரைஃபிளுக்கு 2,800, 2,900. கிட்டத்தட்ட நாலு மடங்கு. அப்ப .44 வாங்கின மான் நாலுல ஒரு பங்குதான் சாகுமா? ரெண்டு நுரையீரலையும் தொளைச்சிக்கிட்டுப் போனா ரெண்டுலயும் மான் கொஞ்ச தூரம் ஓடி விழுந்துடும்.

ரெண்டும் வேலை செய்யற விதமே வேற. ரைஃபிள் குண்டு அசுர வேகத்துல போறதால சுத்தியிருக்கற சதையையும் உதறிக் கிழிக்கும். வினாடிக்கு 1,200, 1,400 அடி வேகத்துல போற கைத்துப்பாக்கிக் குண்டு அப்படிப் பெருசா எதுவும் பண்ணாது. அது போற வழியில ஒரு ஓட்டை போடும். அவ்ளோதான் அதோட வேலை. ஆகவே கேட்க வேண்டியது ரெண்டே கேள்வி: ஓட்டை சரியான இடத்துல விழுதா? அந்தப் பக்கமா வெளிய வருதா? வெளிய வந்தா ரெண்டு ஓட்டை, ரத்தத் தடம் நல்லா விழும், இலைச்சருகுல தேடிப் போகலாம். இதனாலதான் தற்காப்புக்குன்னு விக்கற, சட்டுனு விரிஞ்சு நின்னுடற எடை குறைஞ்ச குண்டு மானுக்கு வேண்டாம்ங்கறேன். 240 கிரெயின்ல மெதுவா விரியற குண்டு, இல்லன்னா மூக்கு தட்டையான கெட்டி ஈயக் குண்டு, ரெண்டுல எதுவும் ஓகே.

இந்த விஷயம் புதுசு இல்ல. ஐடஹோ பக்கத்து மாட்டுப்பண்ணைக்காரர் எல்மர் கீத், .44 ஸ்பெஷல் தோட்டாவுல தட்டை மூக்குக் கனமான குண்டை வெச்சு, மருந்தைக் கூட்டிக் கூட்டி வருஷக்கணக்கா சுட்டுப் பார்த்து, கம்பெனிங்களை நச்சரிச்சதோட பலன்தான் 1955-ல ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் கொண்டுவந்த .44 மேக்னம். 1971-ல கிளின்ட் ஈஸ்ட்வுட் "டர்ட்டி ஹாரி"ல அதைத் தூக்கிக் காட்டினப்புறம் ஊரே வாங்கிச்சு. வாங்கின முக்காவாசிப் பேர் ஒரு பெட்டி சுட்டுட்டு அலமாரில வெச்சதா நம்ம பெரியவர் சொல்வார். அன்னிக்கி .44-க்கு நடந்ததுதான் இப்ப .460-க்கும் .500-க்கும் நடக்குது.

ஒஹாயோவுல சட்டமே பாதி வேலையை முடிச்சுக் குடுத்துடுது. கைத்துப்பாக்கின்னா குழல் குறைஞ்சது 5 அங்குலம், தோட்டா .357 அல்லது அதுக்கு மேல, கேஸ் நேர்ச்சுவரா இருக்கணும். கழுத்து சுருங்கின பாட்டில் மாதிரி கேஸ் ஆகாது. ஆக, 1967-ல வாரன் சென்டர் வடிவமைச்சு வந்த தாம்சன் சென்டர் கன்டெண்டர்ல .30-30 குழல் மாட்டி வேட்டையாடற சுகம் நமக்கு இல்ல. வேற மாநிலத்துல, திறந்த வெளியில, நிஜமாவே 150 கஜம் அடிக்கணும்னா அந்த ஒத்தைக் குண்டு கன்டெண்டர்தான் சரியான கருவி. அது கிட்டத்தட்ட குட்டி ரைஃபிள்.

மிச்சம் இருக்கறதுல .357 மேக்னம் (1935-ல வந்தது) சட்டத்தோட கீழ்வரம்பு. 158 கிரெயின் அல்லது அதுக்கு மேல கனமான குண்டோட, 50 கஜத்துக்குள்ள, மான் பக்கவாட்டுல நிக்கும்போது மட்டும்னு ஒருத்தர் கட்டுப்பாட்டோட இருந்தா நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டுப்பாடு மான் எதிர்ல வந்து நிக்கும்போது இருக்குமாங்கறதுதான் சந்தேகம். .45 கோல்ட்டும் கனமான குண்டோட அருமையான தோட்டா, ஆனா பழைய துப்பாக்கிக்கு ஏத்த மெதுவான தோட்டாவும் புது துப்பாக்கிக்கு மட்டுமே ஏத்த சூடான தோட்டாவும் ஒரே பேர்ல வருது. புது ஆளுக்கு இந்தக் குழப்பம் வேண்டாம்.

.454 கசூல், 1983-ல ஃப்ரீடம் ஆர்ம்ஸ் துப்பாக்கியோட வந்தது. .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003. நம்ம பையன் ஆசைப்படற .460 வந்தது 2005. இந்த .460, 200 கிரெயின் குண்டை வினாடிக்கு 2,200 அடில விடும். எண்ணைப் பார்த்தா வாயில எச்சில் ஊறும், ஒத்துக்கறேன். பாதையும் தட்டையா இருக்கும், 200 கஜம்ங்கறது துப்பாக்கியைப் பொறுத்தவரை பொய்யில்ல. ஆனா ஸ்கோப்போட ரெண்டு கிலோவைத் தாண்டற இரும்பு அது. சத்தமும் வாய்ல அடிக்கற காத்தும் இருக்கே, ரேஞ்சுல பக்கத்து மேஜைக்காரன் தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கிட்டுத் தள்ளிப் போயிடுவான். பத்து தோட்டா சுட்டா கை சொல்லும், போதும்டா சாமின்னு. மூளை அதைவிடப் புத்திசாலி, ட்ரிக்கரைத் தொடும்போதே கண்ணை மூடிக்கும், மணிக்கட்டைக் கீழ தள்ளும். இதை நாம செய்யறோம்னே நமக்குத் தெரியாது.

தெரிஞ்சிக்க ஒரு சோதனை இருக்கு. ரிவால்வர்ல ஆறு அறைக்கு நாலு தோட்டா மட்டும் போட்டு, எது காலின்னு தெரியாம உருளையைச் சுத்தி மூடச் சொல்லுங்க. காலி அறைல சுத்தியல் விழற அன்னிக்கி பாருங்க, சத்தமே இல்லாம குழல் நுனி ரெண்டு அங்குலம் கீழ குனியும். அந்தக் குனிவுதான் மானோட வயித்துல போய் விழற குண்டு.

ரெண்டு வருஷம் முன்னாடி தெற்கு ஒஹாயோ மலைக்காட்டுல, விண்டன் கவுண்டி பக்கம், நாங்க மூணு பேர் உக்காந்திருந்தோம். மத்தியானம் போல பக்கத்து ஓடையிலேர்ந்து பெரிய சத்தம். அரைமணி கழிச்சு அந்த வேட்டைக்காரர் வந்து உதவி கேட்டார். புத்தம் புது பெரிய மேக்னம், மேல நீளமான ஸ்கோப். நூத்தி இருபது கஜம் இருக்கும்னார். அடிபட்ட இடத்துல ரத்தம் இல்ல, பச்சையா, நார் நாரா, இரைப்பைல இருக்கற தழை ஒட்டியிருந்தது. பெரியவர் அதை விரல்ல எடுத்து மோந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசாம சருகு மேலயே உக்காந்துட்டார். வயித்துல பட்ட மானை ஒடனே துரத்தக்கூடாது, மணிக்கணக்கா விடணும், இல்லன்னா இன்னும் ஓடும். சாயங்காலம் ஆரம்பிச்சு டார்ச் வெளிச்சத்துல ராத்திரி பதினோரு மணி வரைக்கும் முட்டி போட்டுத் தேடினோம். நாலு இடத்துல அது படுத்து எழுந்த பள்ளம் மட்டும் இருந்தது. மறுநாள் காலைல கொயோட்டிங்க தின்னு மிச்சம் வெச்சதைத்தான் பார்த்தோம். அந்த மனுஷன் கெட்டவர் இல்லை, அழாத குறை. அந்தத் துப்பாக்கியில எத்தனை தோட்டா சுட்டுப் பழகியிருந்தார்னு பெரியவர் கேட்டார். ஒரு பெட்டி, இருபது தோட்டா. அதுவும் பெஞ்சுல சாஞ்சு.

அவர் கையில அன்னிக்கி .44 இருந்திருந்தாலும் வயித்துலதான் பட்டிருக்கும். ஆனா .44 வெச்சிருக்கறவன் நூத்தி இருபது கஜத்துல விசையைத் தொட ஒரு தடவை யோசிப்பான். பெரிய எண் போட்ட பெட்டி அந்த யோசனையைத் திருடிடுது. எனக்கு .460 மேல இருக்கற கோவம் இதுதான்.

ஸ்கோப்புக்கு வரேன், இதுலயும் அதே வியாதி. ரைஃபிள் ஸ்கோப்பை ரிவால்வர்ல மாட்ட முடியாது. அதுல கண்ணு நாலு அங்குலத்துக்குள்ள இருக்கணும், ரிவால்வரை அப்படிப் புடிச்சா நெத்தியில முத்திரை குத்திடும். கை நீட்டின தூரத்துல, ஒண்ணரை அடி தள்ளிப் பார்த்தாலும் படம் தெரியற மாதிரி கைத்துப்பாக்கிக்குன்னே செஞ்ச ஸ்கோப் வேணும். இதுல உருப்பெருக்கம் ஏற ஏற கண்ணை வெக்கற இடம் ஊசிமுனை மாதிரி ஆயிடும். 7 மடங்குல வெச்சுக்கிட்டு, மான் நடந்து வரும்போது படத்தைத் தேடி கழுத்தை ஆட்டிக்கிட்டிருக்கறவங்களை நெறைய பார்த்திருக்கேன். படம் கெடைச்சாலும் நம்ம நாடித்துடிப்புக்கு குறுக்குக்கம்பி மான் மேல டான்ஸ் ஆடும். ஸ்கோப் மானைத்தான் பெருசாக் காட்டும், கையை நிலையாக்காது. 2 மடங்கு நிலையான ஸ்கோப் போதும். 75 கஜத்துல மானோட தோள்பட்டை தெரியறதுக்கு அதுக்கு மேல எதுக்கு?

ரெட் டாட் போடலாமேன்னு கேட்பீங்க. போடலாம், நான் அந்தக் கட்சிப் பக்கம் சாஞ்சுக்கிட்டிருக்கேன். கண்ணு எங்க இருந்தாலும் புள்ளி தெரியும், எடை கம்மி. 4 எம்.ஓ.ஏ புள்ளின்னா 50 கஜத்துல ரெண்டு அங்குலத்தை மறைக்கும், தட்டுக்கு அது பிரச்சினையே இல்ல. ஆனா அதிகாலை அரைவெளிச்சத்துல கொம்பா கிளையான்னு பிரிச்சுப் பார்க்க 2 மடங்கு கண்ணாடி உதவற அளவு அது உதவாது. பேட்டரியும் குளிர்ல காலை வாரும். எதை மாட்டினாலும் மவுன்ட்டுல கஞ்சத்தனம் வேண்டாம். .44 உதைக்கற உதைல திருகாணி தளர்ந்து போறது சர்வசாதாரணம். ரூகர் சூப்பர் ரெட்ஹாக்ல (1987-லேர்ந்து வருது) வளையம் உக்கார்றதுக்குன்னு சட்டத்துலயே பள்ளம் வெட்டியிருக்கும், அதனால எனக்கு அது மேல ஒரு சாஃப்ட் கார்னர்.

ஆக, யாராவது கேட்டா என் ஓட்டு: .44 மேக்னம், ஏழரை அங்குலக் குழல், 240 கிரெயின், 2 மடங்கு ஸ்கோப். ஒன்றரை கிலோ சொச்சம். 50 கஜத்துல சரியா வெச்சா 100-ல நாலஞ்சு அங்குலம் கீழ விழும், 150-ல ஒரு அடிக்கு மேல. அதுவே ஒரு நல்ல வேலி. இன்னொரு லாபம், அதே துப்பாக்கில .44 ஸ்பெஷல் போட்டு சுடலாம், பூ மாதிரி இருக்கும். மொதல்ல ஆயிரம் தடவை அதுல பழகிட்டு அப்புறம் மேக்னத்துக்கு வாங்க. தோட்டா வெலை கட்டுப்படியாகலைன்னா பக்கத்துல ஒரு .22 ரிவால்வர் வெச்சுக்கங்க, விரலுக்கு வித்தியாசம் தெரியாது. வேட்டையில சுத்தியலை மொதல்ல இழுத்து வெச்சு சுடுங்க, ட்ரிக்கர் லேசா இருக்கும். முட்டியோ, குச்சித் தாங்கியோ, மரமோ எதுலயாவது கையைச் சாய்க்காம சுடாதீங்க. சாய்க்கும்போது விரல் உருளைக்கு முன்னாடி போயிடக் கூடாது, அந்த இடுக்குல வர்ற சூட்டுக் காத்து விரலைக் கிழிச்சிடும். காதுக்கு மூடி காட்டுலயும் கட்டாயம். மேக்னம் சத்தம் 160 டெசிபல் பக்கம், ஒரே வெடிக்குப் போன காது திரும்பி வராது.

"இவ்ளோ கஷ்டத்துக்கு, 2014-லேர்ந்து ஒஹாயோவுல நேர்ச்சுவர்த் தோட்டா ரைஃபிளே அனுமதிச்சுட்டாங்களே, அதையே எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?"ன்னு ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. நிறைய பேருக்கு அதுதான் சரியான பதிலும். கைத்துப்பாக்கி எடுக்கறவன் கிட்ட போறதுக்காக எடுக்கணும், வில் அம்பு எடுக்கறவன் மாதிரி. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து, சருகு சத்தம் போடாம நாலு மணி நேரம் உக்காந்து, மான் நாப்பது கஜத்துக்கு வர்ற வரைக்கும் மூச்சைப் புடிச்சிக்கிட்டு இருக்கறது அதுல பாதி. கிட்ட போக விருப்பம் இல்லைன்னா ரைஃபிளே நல்லது. ரைஃபிள் தூரத்தை ரிவால்வர்ல தேடறதுதான் எனக்குப் புரியலை.

போன சீசன்ல எனக்கு ரெண்டு மான் தெரிஞ்சது. ஒண்ணு 110 கஜம் இருக்கும், நல்ல கொம்பு. ஸ்கோப்ல பார்த்தேன், பார்த்துக்கிட்டே இருந்தேன், அது கருவேலக்கொட்டை பொறுக்கித் தின்னுட்டு மேட்டைத் தாண்டிப் போயிடுச்சு. இன்னொண்ணு பெட்டை, 45 கஜம். அது இப்ப எங்க ஃப்ரீசர்ல, மிச்சம் ஒரு நாலு கிலோ இருக்கு. மிளகு வறுவல் பண்ணும்போது அடுப்புல கூடுதலா அஞ்சு நிமிஷம் விட்டா செருப்பு ஆயிடும்.

ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் வெச்சிருக்கற மக்கள் யாராச்சும் இந்தப் பக்கம் வந்தீங்கன்னா ஒரு தகவல் வேணும். அந்தப் பழைய சதுர ட்ரிக்கர் கார்டு நடுவிரல் முட்டியைப் பதம் பாக்கும்ங்கறாங்க. கெட்டி ரப்பர் பிடி மாட்டினா சரியாகுதா, இல்ல வட்ட கார்டு இருக்கற மாடலாப் பார்த்துத்தான் வாங்கணுமா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.